முதலாளியின் வலது கைக்கு

ஆரணியில் எங்கள் கிளப்புக்கு இருந்தது ஒரே ஒரு மேஜை. அதுவும் எங்களுடையது இல்லை. வேலூரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். எங்கள் ஊர்ப் பட்டு முதலாளி அதில் அந்தச் சாப்பாட்டு மேஜையை எடுத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து முன்கூடத்தில் போட்டுவிட்டார். அவர் வீட்டில் யாரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இல்லை. ஆகவே அது புடவை பார்க்கிற மேஜை ஆனது. தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரும் புடவையைக் காலையில் அதன்மேல் விரித்து, இழை எங்காவது அறுந்திருக்கிறதா, கரை கோணியிருக்கிறதா என்று முதலாளி விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். சாயங்காலம் புடவைகளெல்லாம் பெட்டிக்குள் போனதும் மேஜை எங்கள் கைக்கு வரும்.

இன்றைக்கு இந்த ஆட்டத்துக்கு டேபிள் டென்னிஸ் என்று பெயர். வழவழவென்று வெள்ளைப் பந்தெல்லாம் வந்துவிட்டது. நான் சொல்வது அதற்கு முன்னால், போன நூற்றாண்டின் கடைசியில். எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டர் வேலூரில் ஒரு பங்களா வராந்தாவைத் தாண்டிப் போகும்போது, இரண்டு துரைகள் சுருட்டுப் பெட்டி மூடியை வைத்துக்கொண்டு மேஜைமேல் ஒரு தக்கையை மாறி மாறி அடிப்பதைப் பார்த்திருக்கிறார். நின்று பார்த்தவர் வந்த வேலையையே மறந்துவிட்டாராம். ஊருக்கு வந்ததும் எங்களுக்கும் அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்துவிட்டார்.

பந்துக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. மருந்து பாட்டில் தக்கையை உருண்டையாகச் சீவிக் கொடுத்தால், முதலாளி வீட்டில் நூல் சுற்ற வரும் அம்மாள் கழிவுப் பட்டு நூலை அதன்மேல் இறுக்கிச் சுற்றித் தந்துவிடுவாள். மட்டையைத் தறி செய்கிற ஆசாரி செதுக்கிக் கொடுத்தார். வலை? சாயம் கலங்கிப் போன ஒரு கல்யாணப் புடவையின் கிழிசல், ஜரிகைக் கரையோடு. பந்து அந்தக் கரையில் பட்டு விழுந்தால் பழி பந்தடித்தவன்மேல் இல்லை, ஜரிகைமேல்தான் என்று போஸ்ட்மாஸ்டர் தினமும் சண்டை பிடிப்பார்.

நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நல்ல பந்தைக் கோட்டை விட்டால் மட்டையைத் தொடையில் அடித்துக்கொள்வேன், மேஜைக் காலை உதைப்பேன், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவேன். போஸ்ட்மாஸ்டரிடம் தோற்ற மறுநாள் என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா அந்த முதலாளியின் நிலத்தில் கூலிக்குப் போனவர். அந்த வீட்டு வாசற்படியை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. நான் தாண்டினேன் என்றால் படிப்பால்கூட இல்லை, பந்தால்தான். ஆட ஆள் குறைகிறது என்று போஸ்ட்மாஸ்டர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். முதலாளி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, "மட்டை அங்க கீது, எடுத்துக்க" என்றார். அந்த மேஜை போனால் எனக்கு ஆட்டம் மட்டும் போகாது, அந்தக் கூடமும் போய்விடும்.

அதனால்தான் எல்லாரும் செய்ததை நானும் செய்தேன். முதலாளியிடம் தோற்றேன்.

முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல தொந்தி. மேஜைக்கு நேராக நின்றால் தொந்தி முதலில் வந்து மேஜையில் இடிக்கும், அவர் பின்னால் வருவார். இடது பக்கம் பந்து போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வலது கைக்கு நேராக, இடுப்பு உயரத்தில், பதமாக எழும்பி வருகிற பந்தை மட்டும் ஓங்கி ஒரு போடு போடுவார். அது எங்கே விழுந்தாலும் நாங்கள் "அடடா!" என்போம். இப்படிச் செய்யலாம் என்று யாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை. மேஜை அவருடையது, கூடம் அவருடையது, வெல்லக்காப்பி அவர் வீட்டிலிருந்து வருகிறது, வயதிலும் பெரியவர். அவரை எப்படித் தோற்கடிப்பது? பெரிய மனிதர் முன்னால் துண்டைத் தோளிலிருந்து இறக்குகிற மாதிரி, அது தானாகவே கைக்கு வந்துவிட்டது.

ஆனால் சந்தேகம் வராமல் தோற்பது இருக்கிறதே, அது லேசுப்பட்ட வேலை இல்லை. வலையில் அடித்தால் ஒருமுறை நம்புவார், இரண்டாம் முறை முறைப்பார். பந்தை நாலைந்து தடவை அவர் வலது கைக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் ஓங்கி அடிப்பதை எட்ட முடியாதவன்போல மூச்சு வாங்கி நிற்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் அதில் கெட்டிக்காரர். எட்டிப் பாய்ந்து, பந்தை மயிரிழையில் தவறவிட்டு, "இன்னா அடிங்க இது!" என்று கையை உதறிக்கொள்வார். நாடகக் கொட்டகையில்கூட அப்படி யாரும் நடிக்க மாட்டார்கள். நானும் பழகிக்கொண்டேன். முதலாளி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்பார். அவ்வளவுதான். ஜெயித்ததற்காக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தினம் சாப்பிடுகிற சோற்றைச் சாப்பிடுவதுபோலத்தான் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு ஒருநாள் அவர் செய்யாறில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாக்களும் இதே ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பேச்சு வந்திருக்கிறது. நம்மவர் சும்மா இருப்பாரா? "ஆரணியில என்னை ஜெயிக்க ஒரு ஆள் கெடையாது. வேணும்னா வந்து காட்றோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "வாத்தியாரே, பேஜாராப் பூட்ச்சு. அங்க போனா இவருக்கு ஒரு பந்து எட்டாது. அப்பறம் நம்மளத்தான் கேப்பாரு. மேஜைய மறந்துட வேண்டியதுதான்."

இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். முதலாளியிடம் போய், கிளப்புக்குத் தலைவராக இருக்கிறவர் தாமே மட்டையைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தாக்களோடு மல்லுக்கு நிற்பது அழகில்லை, வலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதுதான் பெருமை என்றோம். கொஞ்சம் முரண்டு பிடித்தார். சந்தனம், மாலை என்றதும் இறங்கி வந்தார். "சரி, நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. எங்கிட்டயே தோத்துகினு கீறீங்க, அங்க இன்னா பண்ணப் போறீங்களோ!" என்று எங்களுக்காகக் கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு போனோம். செய்யாறு குமாஸ்தாக்கள் நல்ல மரியாதைக்காரர்கள். முதலாளிக்கு மாலை போட்டு, உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலில் போஸ்ட்மாஸ்டர் ஆடினார். எதிரே ஒல்லியான ஒரு குமாஸ்தா, கிராப்புத் தலை, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. போஸ்ட்மாஸ்டர் ஊதித் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன்.

போஸ்ட்மாஸ்டர் தோற்றுப்போனார். அதுவும் படுதோல்வி. அவர் அடித்த பந்தெல்லாம் அந்தக் குமாஸ்தாவின் வலது கைக்கு நேராக, இடுப்பு உயரத்தில், பதமாகப் போய் எழும்பியது. அவன் ஓங்கி ஓங்கிப் போட்டான். போஸ்ட்மாஸ்டர் பாய்ந்து பாய்ந்து மயிரிழையில் தவறவிட்டார். ஒரு தடவை பழக்கதோஷத்தில், "இன்னா அடிங்க இது!" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னா ஓய் பண்றீங்க? எடது பக்கம் போடுங்க, எடது பக்கம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "தெரியுதுய்யா, கை கேக்க மாட்டேங்குது" என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

என் முறை வந்தது. எதிரே அதே குமாஸ்தாதான். இடது பக்கம், இடது பக்கம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மட்டையை வீசினேன். பந்து வலது பக்கம் போனது. மறுபடி வீசினேன். மறுபடியும் அவன் வலது கைக்கே போய், எடுத்துக்கொள் என்று நின்றது. இரண்டு வருஷமாகப் பெரியவருக்கு மரியாதை செய்து செய்து என் மணிக்கட்டுக்கு அந்த ஒரு வழியைத் தவிர வேறு வழி மறந்துபோயிருந்தது. ஒரு கட்டத்தில் அந்தக் குமாஸ்தாவே சங்கடப்பட்டு, "வாத்தியார் ரொம்ப நல்லவருங்க" என்றான். மேஜையை அப்படியே தூக்கி அவன் தலையில் போடலாமா என்றிருந்தது.

தற்செயலாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு முழத்துக்கு அப்பாலிருந்து புடவையில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. அந்தக் கண்ணை வலைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்கள் நாங்கள்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முதலாளி வெளியே பார்த்தபடி வந்தார். வெகுதூரம் வந்தபிறகு, "வாத்தியாரே" என்றார்.

"சொல்லுங்க மொதலாளி."

"அவன் வலது கைக்கே பந்தக் குடுத்துகினு இருந்தியே. ஏன்?"

நான் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தூங்குவதுபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். கெட்டிக்கார நடிகர் என்று முன்பே சொன்னேன்.

"பழக்கமாப் பூட்ச்சுங்க" என்றேன்.

அவர் மடியிலிருந்த மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் போனோம். மேஜைமேல் புடவைகள் அடுக்கியிருந்தன. அடுத்த நாளும் அப்படியே. வலையைச் சுருட்டி எங்கேயோ வைத்துவிட்டார்கள். "வேல ஜாஸ்தி" என்றார் முதலாளி, எங்கள் முகத்தைப் பார்க்காமல். போஸ்ட்மாஸ்டர் சாயங்காலங்களில் ஆபீஸிலேயே உட்கார்ந்து முத்திரை குத்த ஆரம்பித்தார். நான் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன், வந்தேன், பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். மேஜை போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மனிதர் இரண்டு வருஷமாக ஜெயித்ததையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்புத்தான் வலித்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஆள் வந்தது. முதலாளி கூப்பிடுகிறார், ஜல்தியாக வரச்சொன்னார் என்று. போனேன். மேஜை காலியாக இருந்தது. வலை கட்டியிருந்தது. புதிதாகச் சுற்றிய பந்து ஒன்று, நல்ல அரக்குச் சிவப்பு. முதலாளி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நூல் சுற்றும் அம்மாள் மூலையில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரியாதையெல்லாம் வாசல்ல செருப்போட வுட்டுட்டு வந்தியா?" என்றார்.

"வந்துட்டேங்க."

"எடது பக்கம் போடு. எங்க வேணா போடு. வலது கைக்குக் குடுத்தே, அப்பறம் இந்தப் பக்கமே வராத."

ஆடினோம். என் மணிக்கட்டோடு நான் மல்லுக்கட்டினேன். முதல் இரண்டு பந்து அதன் பழைய வழிக்கே போகப் பார்த்தது. மூன்றாவதை இடது ஓரத்தில் போட்டேன். அவர் திரும்புவதற்குள் பந்து சுவருக்குப் போய்விட்டது. அடுத்தது வலைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. தொந்தி இடித்ததில் மேஜைதான் நகர்ந்தது, பந்து கிடைக்கவில்லை. ஒரு ஆட்டம் முடிந்தது, அவருக்கு ஒரு பாயிண்டும் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு இரைத்தது, வேர்வை சொட்டியது. "இன்னும் போடு" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் செருப்போடு விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

கடைசிப் பந்துக்கு முந்திய பந்து. இடது ஓரத்தில் சரியாகத்தான் போட்டேன். எப்படித்தான் திரும்பினாரோ, மட்டையைப் புறங்கையாகச் சுழற்றினார். பந்து ஜரிகைக் கரையை உரசிக்கொண்டு என் பக்கம் வந்து, எழும்பாமல் ஒட்டிக்கொண்டது. நான் பாய்ந்தேன். உண்மையாகவே பாய்ந்தேன். முழங்கால் மேஜைக் காலில் இடித்தது. பந்து மட்டை நுனியில் பட்டுக் கீழே உருண்டது.

"சே! சனியனே!" என்று கத்தி மட்டையைத் தரையில் விட்டெறிந்தேன். மேஜைக் காலை உதைத்தேன். உதைத்த பிறகுதான் இது போஸ்ட்மாஸ்டரோடு ஆடுகிற ஆட்டம் இல்லை, எதிரே நிற்பது முதலாளி என்று உறைத்தது. முகமெல்லாம் எரிந்தது. என் அப்பாவின் முகம் ஒரு கணம் முன்னால் வந்து போனது.

முதலாளி என்னையே உற்றுப் பார்த்தார், கரை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"வாத்தியாருக்குக் கோவம் வந்துச்சா?"

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. தெரியாம..."

"மன்னிப்பு கெடக்கட்டும். நெசமா வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ரெண்டு வருஷமா எங்கிட்ட தோத்தியே, ஒரு நாளாவது இந்தக் கோவம் வந்துச்சா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தொந்தி குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூல் சுற்றும் அம்மாளைப் பார்த்துக் கத்தினார்: "பார்த்தியாம்மா? வாத்தியார் ஒதைச்சதப் பார்த்தியா? இது நெசம்! இது நெசமாவே என்னுது!" பிறகு வீட்டுக்குள்ளே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஜெயித்தவர்போலக் கூவினார்: "யாராவது ஓடிப்போயி போஸ்ட்மாஸ்டரக் கூட்டிகினு வாங்க. நான் ஒரு பாயிண்ட் எடுத்துட்டேன்!"