எர்த்துக் குழிக்கு ஒரு மூட்டை உப்பு

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூக்கு சரியாக வேலை செய்யாது. இது எனக்குத் தெரிய வந்தது வேலூரில், எலி மூளையில் புதிதாகப் பிறக்கும் செல்களோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது. நான் பிறந்து வளர்ந்தது ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிக்குப் பின் தெருவில். ரயில் எங்கள் ஊரை நெருங்கியதும் வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். பாவம், எல்லாருக்கும் சளி பிடித்திருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் மாணவியாகச் சேர்ந்தேன். வளர்ந்த மூளையில் புதுச் செல் பிறக்காது, இருப்பதை வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அது சரியில்லை. வளர்ந்த எலியின் மூளையிலும் ஒன்றிரண்டு மூலைகளில் பிரசவம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பிறந்த செல் எல்லாம் உருப்பட்டுவிடுவதில்லை. சிலது நியூரான் ஆகும், சிலது நியூரானுக்கு எடுபிடி வேலை பார்க்கும், நிறைய செத்துப்போகும்.

இதில் எது எப்படி ஆகும் என்பதில் அயனிக் கால்வாய்களுக்குப் பங்கு உண்டு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். செல்லின் தோலில் இருக்கும் கதவுகள் அவை. சோடியத்துக்கு ஒரு கதவு, பொட்டாசியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று. பொட்டாசியம் தன் கதவு வழியாக வெளியே கசிந்துகொண்டிருக்கும் வரை செல் சும்மா கிடக்கும். அந்தக் கதவை மருந்து போட்டு அடைத்தால் செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் கதவு திறக்கும், உள்ளே போன கால்சியம் மரபணுக்களைத் தட்டி எழுப்பி, நீ நியூரானாகப் போ என்று சொல்லிவிடும். எங்கள் பேராசிரியரின் கணிப்பு இது. பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிரூபணம்தான் இல்லை.

அப்பாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர் டேனரியில் பச்சைத் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். "தோல்ல ஓட்ட இருந்தா அது ரிஜெக்ட் தானம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கோடையோடு என் உதவித்தொகை முடிகிறது. நீட்டிக்கலாமா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவார். போன தடவை வந்தபோது, நான் தட்டில் வளர்த்து, பச்சையும் சிவப்புமாகச் சாயமேற்றி வைத்திருந்த செல்களைப் பார்த்துவிட்டு, சாயம் பூசினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், இது நிஜ நியூரான் என்றால் சோடியம் கதவு திறக்கும்போது ஓடும் மின்சாரத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் மாமா எனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். நல்ல நாற்காலி, சுழலும். அதில் உட்கார எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லின் மேல் ஒட்டவைத்து அந்த மின்சாரத்தை அளக்க வேண்டும். எறும்பு மூச்சு விடுவதை ஒட்டுக்கேட்பது போன்ற வேலை. எங்கள் கருவியின் திரையிலோ நேர்கோட்டுக்குப் பதிலாக ரம்பப் பல்தான் தெரிந்தது. ஃபேன், டியூப்லைட், பக்கத்து அறை ஃப்ரிட்ஜ், எல்லாவற்றின் மின் இரைச்சலும் உள்ளே வந்துகொண்டிருந்தது. மேஜையைச் சுற்றிக் கோழி வலை கட்டினோம். அலுமினியத் தாள் சுற்றினோம். வாட்சைக் கழற்றினோம். ஒருநாள் பேராசிரியர், பக்கிள் உலோகமாயிற்றே என்று பெல்ட்டையும் கழற்றிவிட்டு, பேன்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து, இந்த இரைச்சலை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த்துக் குழி காய்ந்து கிடக்கிறது, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். வேலூர் வெயிலில் குழி காயாமல் என்ன செய்யும். ஆபீசில் உப்புக்கு எழுதிக் கேட்டோம். லேபுக்கு உப்பு வாங்க வழியில்லை, கேன்டீனுக்குத்தான் உண்டு என்றார்கள். கேன்டீனில் கேட்டால் தர மாட்டேன் என்றார்கள். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கிடங்குக்கு வரும். உதறினால் கொட்டும் உப்பு அங்கே மலை மாதிரி கிடக்கும். அப்பா ஒரு மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பஸ்ல இன்னா கூட்டம் தெரியுமா? ஆனா என் பக்கத்துல மட்டும் யாருமே உக்காரல. காலு நீட்டிக்கினு வந்தேன்." எனக்கும் அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

குழியில் உப்பைக் கொட்டி, கரியைப் போட்டு, தண்ணீர் ஊற்றினோம். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் ரம்பம் மறைந்து, திரையில் நேர்கோடு. பேராசிரியர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கர்ச்சீப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ரம்பம் திரும்பி வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் கூடி, குழியைத் தோண்டி, எர்த் கம்பியைப் பிடுங்கிப் போட்டிருந்தன. அப்பா கொண்டுவந்த உப்பில் முடியும் தோல் துணுக்கும் கலந்திருந்ததும், அதன் நாற்றத்தில் முதல் மாடிவரை ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்னையும் அப்பாவையும் தவிர எல்லாருக்கும் நாற்றம் அடித்திருக்கிறது. மூடி வைத்துச் செங்கல் அடுக்கினோம். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செங்கல்லைத் தள்ளிவிட்டுத் தோண்டிவிட்டன.

நிபுணர் வருவது அடுத்த நாள். தட்டில் இருந்த செல்கள் அன்றைக்குத்தான் சரியான பருவத்தில் இருந்தன, விட்டால் போச்சு. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை படித்து, கடைசியில் தெருநாயால் ஆம்பூருக்குத் திரும்புகிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பேராசிரியர் கம்பியை முறுக்கிக் கட்டி, குழியைத் தானே மூடினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் குடையையும் எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நான் ஊசியை இறக்கினேன். ஒரு செல் கிழிந்தது. இன்னொன்று ஒட்டவே இல்லை. அடுத்தது ஒட்டி, நான் மூச்சு விட்டதும் பிரிந்தது. வெளியே அவ்வப்போது "ஏய், போ" என்ற குரல் கேட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது, பொட்டாசியம் கதவை அடைத்து வளர்த்த தட்டில் ஒரு செல் பிடித்துக்கொண்டது. மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றினேன். நேர்கோடு சட்டென்று கீழே விழுந்து, அதே வேகத்தில் எழுந்தது. சோடியம் உள்ளே பாய்ந்திருக்கிறது. மறுபடி கேட்டேன், மறுபடி விழுந்து எழுந்தது. சில நாள் முன்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்த செல் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜன்னலைத் திறந்து, "சார், திறந்துடுச்சு" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். ஓடிவரப் போகிறார் என்று நினைத்தேன். சுற்றிப் படுத்திருந்த நாய்களும் கூடவே எழுந்து நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"நான் வந்தா இதுங்க தோண்டிடும்மா. மருந்து போடாத தட்டுலயும் பாரு. ஒப்பிடணும்ல."

சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன், மருந்து போடாத தட்டில் கோடு அசையவில்லை. கரண்ட் போன பிறகுதான் நிறுத்தினேன், அவரும் அப்போதுதான் குடையை மடக்கினார்.

மறுநாள் நிபுணர் மூக்கில் கர்ச்சீப்போடு திரையின் முன் உட்கார்ந்தார். மருந்து போட்ட தட்டு, போடாத தட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது நிஜ நியூரான்தான், இந்தப் பெண் தொடரட்டும் என்றார். பேராசிரியர் அவருக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலே எட்டி, அந்தக் கோடு விழுந்து எழுந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். வெயிலில் அவர் மூக்கு தோல் உரிந்திருந்தது. நீட்டிப்புக் கிடைத்த சந்தோஷம் எனக்கு அப்புறம்தான் வந்தது.