மச்சான் ஓட்டிய கார்

மன்னார்புரத்தில் அக்கா வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். கியர் தானாக மாறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, கியர் ஆயில் சூடு ஆற ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் அந்தச் சிவப்பு ஆயில் ஒழுக, எங்களிடம் வந்தது. பழுது பார்க்கிறவர்தான் ட்ரையல் ஓட்டுவார்; அது பட்டறை வழக்கம். மச்சான் முந்திக்கொண்டார். புதுக் குழாயை வளைத்து, மாட்டி, முடுக்கினார்.

"சொட்டுதா மாப்ள?"

இன்ஜின் உறும, அடியில் படுத்திருந்த நான் ஒரே ஒரு சொட்டுக்காக ஏங்கினேன். பாழாய்ப்போன குழாய் ஈரமே காட்டவில்லை.

"இல்லீங்க மச்சான்."

ஸ்ரீரங்கம் வரை ஓட்டிவிட்டு வந்தார். "கிளட்சே இல்ல மாப்ள! வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது!"

"பிரேக் எப்படி?" என்றேன்.

காவிரிப் பாலத்துக் காற்று கலைத்த தலையை அன்று முழுக்க அவர் வாரவே இல்லை.