ஊர் பார்க்க வந்தோம்

எங்கள் ஊருக்கு எல்லோரும் வருவார்கள். நாங்கள் எங்கும் போகமாட்டோம். ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் அதுதான் தலையெழுத்து. மார்கழி பிறந்ததும் எந்தெந்த ஊரிலிருந்தோ பெட்டியும் படுக்கையுமாக உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை மலைக்கோட்டைக்கும் திருவானைக்காவலுக்கும் கல்லணைக்கும் அழைத்துப்போய்க் காட்டுவது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்று. எட்டு வயதுக்குள் மலைக்கோட்டைப் படிகளை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதே உச்சியில் நின்று அதே காவேரியைக் காட்டிக் காட்டி அலுத்துப் போயிருந்தேன். என்றைக்காவது நாமும் யார் ஊரிலாவது போய் இறங்கி அவர்களை இப்படி அலைக்கழிக்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு கோடை விடுமுறையில் விசாகப்பட்டணம் போகிறோம் என்று அப்பா சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலும் மலையும் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஊராம். கப்பல் வருமாம். மலை உச்சியில் கலங்கரை விளக்கமாம். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"எதுக்குப் போறேள்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"ஊர் பாக்கப் போறோம்."

"வேற எதுக்காவதான்னு துருவுவா. அப்போ?"

"ஊர் பாக்கத்தான்."

"வேற ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரப்படாது."

உண்மையைச் சொல்ல எதற்கு இத்தனை ஒத்திகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு என்ன தெரியும் எனக்கு, சொல்வதற்கு?

விஷயம் இதுதான். எங்களோடு இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, புருஷன் இருந்தும் இல்லாதவள். எனக்கு ஒரு வயதானபோது அவள் புருஷன், என் அத்திம்பேர், எங்கள் வீட்டில்தான் இருந்தாராம். ரயில்வேயில் ஏதாவது வேலை பார்த்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். வேலை வருவதாக இல்லை. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் எவனிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்த அப்பா, "இந்த ஆத்துல சிலருக்கு இலை போடற நேரம் மட்டும் நன்னாத் தெரிஞ்சிருக்கு" என்று சாதத்தைப் பார்த்துச் சொன்னாராம். அம்மா மோர் எடுக்க உள்ளே போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது அத்திம்பேர் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் போனவர்தான். ஏழு வருஷம் கழித்து, வைகுண்ட ஏகாதசிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், வழியில் சிம்மாசலம் சேவிப்பதற்காக இறங்கிய இடத்தில், விசாகப்பட்டணத்துக் கடற்கரையில் அவரைச் சாயங்காலம் பார்த்ததாகவும், கூப்பிட்டதும் அவர் கூட்டத்தில் நழுவிவிட்டதாகவும் சொன்னார். அவரைத் தேடிப் பிடித்து, வேண்டுமானால் காலில் விழுந்தாவது, அழைத்து வருவதற்குத்தான் அப்பா புறப்பட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. தெருவுக்குச் சொன்ன கதையே எனக்கும் சொல்லப்பட்ட கதை.

அப்பா ரயில்வே குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்வரப் பாஸ் உண்டு. அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே காகிதத்தில் அடங்கிவிட்டோம். தங்கையின் பெயரையும் அதில் எழுதலாம். ஆனால் அவள் கல்யாணமாகாதவளாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் புருஷனை இழந்தவளாக இருக்கவேண்டும். "எழுதிடுங்க சார், யார் வந்து பாக்கப்போறாங்க" என்று ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னாராம். அதை அம்மாவிடம் வந்து சொன்னதற்கு அப்பாவுக்கு அன்று நல்ல பூஜை கிடைத்தது. அத்தைக்கு மட்டும் தனியாக டிக்கெட் வாங்கினார்கள். கெட்டியான அட்டை, நடுவில் ஓட்டை. எங்களுக்கு வெறும் காகிதம், அவளுக்கு மட்டும் அட்டையா என்று நான் வழியெல்லாம் முணுமுணுத்தேன். திரும்பி வரும்போது தருகிறேன் என்று அத்தை சொன்னாள்.

எங்கள் வீட்டில் வெளிச்சாப்பாடு கிடையாது. ஸ்டேஷன் காப்பிகூடக் கிடையாது. புளியோதரை ஒரு தூக்கு, தட்டை ஒரு டின், கூஜாவில் தண்ணீர். வண்டியில் எதிரே இருந்தவர்கள் விதவிதமாக வாங்கித் தின்றார்கள். நான் தட்டையைக் கடித்துக்கொண்டு அவர்கள் வாயைப் பார்த்தேன். அம்மா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள்.

விசாகப்பட்டணத்தில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். அந்த ஊரை நாங்கள் பார்த்த அழகை எப்படிச் சொல்வது? முதல் நாள் துறைமுகம். நான் கப்பலைப் பார்க்கப் பறந்தேன். அப்பா துறைமுகத்துக் கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் எங்களை நிறுத்திவிட்டு, கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சங்கு ஊதியது. வேலை முடிந்து ஆட்கள் நூறும் இருநூறுமாக வெளியே வந்தார்கள். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அப்பா, கப்பல் அந்தப் பக்கம்" என்றேன்.

"சும்மா இருடி" என்றார்.

கடைசி ஆள் சைக்கிளில் போய், கேட்டைச் சாத்தும்வரை நின்றோம். கப்பலின் புகைபோக்கி மட்டும் சுவருக்கு மேல் தெரிந்தது.

இரண்டாம் நாள் மூன்று குன்றுகள். துறைமுகத்தை ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் பெருமாள் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. பெருமாள் குன்றில் ஏறியதில் அதிசயம் இல்லை. நெற்றி நிறைய நாமத்தோடு அப்பா மற்ற இரண்டிலும் ஏறி இறங்கினார். தர்காவில் ஊதுவத்தி விற்ற பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. அப்பா அவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ கேட்டார். பாய் தலையை ஆட்டிவிட்டு, அத்தை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பிடி சர்க்கரை கொடுத்தார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எதிரே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற பெரிய மலையையும் அதன் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கத்தையும் அங்கிருந்தே பார்த்தேன். அங்கே போகலாம் என்று அடம்பிடித்தேன். அங்கே ஆள் நடமாட்டமே இருக்காதே என்றார் அப்பா. ஊர் பார்க்கப் போகிறவர் சொல்கிற காரணமா இது?

மூன்றாம் நாள் சிம்மாசலம். அங்கேதான் அத்தை எல்லோரையும் மிஞ்சினாள். ஆயிரம் படி என்றார்கள். பாதியில் ஒரு திருப்பத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சேவிச்சுட்டு வாங்கோ. நான் இங்கயே இருக்கேன்." கால் வலியா என்றால் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள், இவ்வளவு தூரம் வந்து, நரசிம்மரைப் பார்க்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் இறங்கி வந்தபோதும் அதே இடத்தில் இருந்தாள். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிரசாதத்தை அவள் கையில் வைத்துவிட்டு அப்பா மடமடவென்று கீழே இறங்கிப் போனார்.

சாயங்காலம் தவறாமல் கடற்கரை. தினமும் அத்தை அதே கத்தரிப்பூக் கலர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலையில் துவைத்து, சத்திரத்துக் கொல்லையில் உலர்த்தி, சாயங்காலம் மறுபடி அதுவே. மூட்டையில் வேறு புடவை இருந்தது, நான் பார்த்தேன். மணலில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா கரையோரமாக நடையாய் நடப்பார். நடந்துபோய்த் திரும்பி வந்து, அத்தை பார்க்கிறாளே என்று மறுபடி போவார். எனக்கு அலுப்புத் தாங்கவில்லை. கடல் இருந்தது, அதில் கால் நனைக்க என்னோடு வர ஒருத்தருக்கும் மனசில்லை. நான்காம் நாள், அதாவது கடைசி நாள், அம்மா அத்தையின் தோளில் கைவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்த சமயம் பார்த்து நான் நழுவினேன்.

மணல் மேட்டுக்கு அப்பால் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று பார்த்தேன். பார்ப்பதற்கு ஆசாரத்தில் தடை இல்லை.

"தமிழா நீ?" என்று யாரோ கேட்டார்கள்.

காக்கி அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர். மெலிந்த ஆள். சிரித்தபோது மேல்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. நான்கு நாளாகப் புரியாத பாஷையையே கேட்டுக் காய்ந்து போயிருந்த எனக்குத் தமிழ் காதில் விழுந்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

"எந்த ஊர்மா?"

"ஸ்ரீரங்கம்."

அவர் சிரிப்பு நின்றது. எந்த வீதி என்று கேட்டார். சொன்னேன். "உங்க அப்பா ரயில்வேயில இருக்காரா?" என்றார். அப்பாவின் புகழ் இவ்வளவு தூரம் எட்டியிருக்கிறதே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கேட்காமலே ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். சாப்பிடக்கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் பஜ்ஜி போய்விட்டது. உறைப்பு மண்டையில் ஏறியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. அப்படியும் பாதியில் நிறுத்தவில்லை.

அவர் மணல் மேட்டின் மேல் ஏறி, தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"கத்தரிப்பூப் புடவை யாரு?"

"எங்க அத்தை."

"நன்னா இருக்காளா?"

"ஓ, நன்னா இருக்கா. தினம் இதே புடவைதான் கட்டிக்கறா."

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினார். என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்.

"எதுக்கு வந்திருக்கேள் இந்த ஊருக்கு?"

"ஊர் பாக்க வந்தோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு அலை வந்து போனது. பஜ்ஜியின் காம்பை எங்கே போடுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"நிஜமா அவ்வளவுதானா? வேற எதுக்கும் இல்லையா?"

துருவுவா என்று அம்மா எச்சரித்திருந்தாளே, இதுதான் என்று உஷாரானேன். "ஊர் பாக்கத்தான் வந்தோம். எல்லாம் பாத்தாச்சு. நாளைக்குக் காலம்பர வண்டி" என்று பிசிறில்லாமல் ஒப்பித்தேன்.

அவர் எழுந்துகொண்டார். வேட்டி நுனியால் என் வாயையும் கையையும் துடைத்துவிட்டார். "நன்னாத் துடைச்சுக்கோ. வெளியில தின்னேன்னு தெரிஞ்சா உங்க அம்மா தோலை உரிச்சுடுவா" என்றார். எங்கள் வீட்டுச் சட்டம் இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல மனுஷர், காட்டிக்கொடுக்க மாட்டார் என்றுதான் தோன்றியது. அவர் மீன் படகுகள் இருந்த பக்கமாக நடந்து போனார். அப்பா அந்தச் சமயம் கரையின் எதிர்க்கோடியில் இருந்தார்.

நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். "ஏண்டி அழறே?" என்றாள் அம்மா. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றேன். அத்தை என்னை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து ஊதினாள். அவள் முகம் என் வாய்க்கு நேரே ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு முந்தானையால் என் உதட்டை இன்னொரு தரம் துடைத்துவிட்டாள்.

மறுநாள் வண்டி கிளம்பும்வரை அப்பா பிளாட்பாரத்திலேயே நின்றார். நகர்ந்த பிறகு ஓடி வந்து ஏறினார். ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தோம். தெருவில் எல்லோரும் வந்து கேட்டார்கள். துறைமுகம், மூன்று குன்று, சிம்மாசலம், கடற்கரை என்று நான்தான் விரல்விட்டுச் சொன்னேன். அத்தை அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அவள் ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அப்பா எங்கும் தேடிப்போகவில்லை. அத்திம்பேரும் வரவில்லை.

பத்து வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் கட்டிக்கொள்ள அத்தை தன் பெட்டியிலிருந்து அந்தக் கத்தரிப்பூப் புடவையை எடுத்தாள். அடியில் ஒரு போட்டோ இருந்தது. அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் போட்டோவில் சிரிப்பது கிடையாது. இந்த மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். மேல்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி நின்றது.

புடவையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் சில நாள் தோன்றும். அன்று வாயை அடக்கத் தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன்.

அத்தை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலை. நாங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னே" என்றாள். என் கையிலிருந்த புடவையின் மடிப்பை நீவிவிட்டு, "பஜ்ஜி வாசனை எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது. கேட்டா உனக்கு அடி விழுமேன்னு கேக்காம விட்டேன்" என்றாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருந்தபோது அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டு தடவையா கேட்டார்?"

"ரெண்டு தடவை, அத்தை."

அவள் தலையை ஆட்டினாள். போட்டோவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறாரே, பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு அந்த மணலில் நின்று நான் நினைத்தேன்.