கடைசியாக வந்த முதல் பகுதி

பல்லேபொலவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் டீவி கிடையாது. வீட்டுக்காரம்மாவின் முன்னறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதில் ஒரு விண்வெளித் தொடர் போகும். ஆங்கிலப் பேச்சு, கீழே சிங்கள எழுத்து. எங்கோ தூரத்தில் எதையோ பழுதுபார்க்கப் போன ஒரு கப்பல்காரரும் ஆட்களும் கப்பலோடு வழி தவறி இருட்டுக்குள் அலைகிற கதை. அப்படியான கதைகளில் எனக்கு ஒருகாலத்திலும் பிடிப்பு இருந்ததில்லை. ஞாயிறு பின்னேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் போய் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. சிங்களப் பகுதியான கலேவெலவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குளம், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. மனைவியும் ஆறு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் அங்கே போகிற பாதை பூட்டியாகிவிட்டது. இடமாற்றம் கேட்டால் அங்கே வெற்றிடம் இல்லை என்றார்கள். அவர்களை இங்கே எடுப்போமென்றால் வெளியே வர இயக்கத்திடம் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும், போதாததற்குப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமனாரை யாரிடம் விடுவது? என் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. ஆகவே அவர்கள் அங்கே, நான் இங்கே, ஊர்ப் பெயரைக் கேட்டாலே அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பொலிஸ்காரர்களோடு.

வீட்டுக்காரம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கணவரோடு சேர்ந்து சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஆங்கிலம் தெரியாது, சிங்களம் பேசுவார், வாசிக்கமாட்டார். நான்தான் கதை சொல்ல வேண்டும். நடுவில் ஆயிரம் கேள்வி வரும்.

"இவங்கல்லாம் வீட்டுக்குப் போகாம ஏன் சார் சுத்திக்கிட்டே இருக்காங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

வழி தெரிந்தால் போகமாட்டார்களா என்று எரிந்து விழுந்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அந்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள், பிள்ளைக்கு உங்கட குரல் மறந்துபோச்சு என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு கவலையே இல்லை. முகம் மறந்தால் படம் இருக்கிறது. குரலுக்கு என்ன செய்வது? வீட்டுக்காரம்மாவின் டேப் ரெக்கோர்டரைக் கடன் வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த கதையைத் திங்கட்கிழமை வேலை விட்டு வந்து பேசிப் பதிந்தேன். மகளுக்குச் சொல்ல என்னிடம் வேறு கதை இருக்கவில்லை. என் நாட்களில் நடந்ததைச் சொல்லவும் முடியாது.

பழைய சினிமாப் பாட்டுக் கசெட்டுகளில்தான் பதிந்தேன். முதல் பாட்டை அப்படியே விட்டுவிடுவேன், அதற்குப் பிறகு என் குரல். உறையில் எண் போடவில்லை. ஏழு என்று எழுதிய கசெட்டைச் சோதனைச் சாவடியில் கண்டால் மற்ற ஆறும் எங்கே என்று ஆமிக்காரன் கேட்பான். அப்புறம் கொண்டுபோகிறவன் கதி அதோகதி. பேச்சிலாவது இது இத்தனையாவது என்று சொல்லியிருக்கலாம். அனுப்பிய ஒழுங்கில்தான் போய்ச் சேரும் என்று நம்பிய புத்திசாலி நான்.

கசெட் கொண்டுபோனவர்களில் ஒருவர் வவுனியாவில் வாரக்கணக்காக மறிபட்டுக் கிடந்தார், அவருக்குப் பின்னால் போனவர் முந்திக்கொண்டார். இன்னொருவர் காய்ச்சலில் படுத்து, கசெட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். எல்லாம் போய்ச் சேர்ந்தன என்பதே பெரிய காரியம். அங்கே கரண்ட் இல்லை, பட்டரிக்குத் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவி மிதிக்க, டைனமோவில் டேப் பாடும். அப்படித்தான் மகள் கேட்டாள்.

தொடர் முடிந்தது. பிறகு அங்கே இடம்பெயர்வு, அது இது என்று எல்லாம் அறுந்துபோனது. இடையில் ஒரேயொரு தடவை கப்பலில் போய் நாலு நாள் நின்றுவிட்டு வந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாளே தவிரக் கிட்ட வரவில்லை.

சமாதான காலத்தில் பாதை திறந்ததும், பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாயும் மகளும் பல்லேபொலவுக்கு வந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. என்னளவு உயரம். என்னோடு மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. ஏதாவது தேவையென்றால் தாயிடம் திரும்பி, "அவரிட்டக் கேளுங்கோ" என்பாள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

அந்தத் தொடரைத் திருட்டு டிஸ்க்குகளில் கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்திருந்தேன். டீவியும் பிளேயரும் புதிதாக வாங்கியிருந்தேன். பிரிவால் தொலைத்ததைக் கதையால் பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. முதலாவது டிஸ்க்கைப் போட்டதும், இது முதலாவது இல்லை என்றாள் மகள். தண்ணீர்த் தொட்டி வெடிக்கிறதுதான் முதலாவது, அதற்குப் பிறகு டொக்டரம்மா சாகிறது என்று மளமளவென்று ஒப்புவித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படம் எடுத்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"நான் கேட்ட ஒழுங்கு இதுதான்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டிஸ்க்கை மாற்றினேன்.

அந்த விடுமுறை முழுவதும் ஒவ்வொரு பகுதிக்கும் எழும்பி எழும்பி டிஸ்க் மாற்றியதில் என் முழங்கால் கழன்றுபோனது. வீட்டுக்காரம்மாவும் வந்து உட்கார்ந்து, "என்ன சார், கதை முன்னுக்குப் பின்னா ஓடுது" என்று சிரித்தார். நேற்றுச் செத்த டொக்டரம்மா இன்றைக்கு ஒருவனுக்குக் காயம் தைத்துக்கொண்டிருப்பார். இது உனக்குப் பிழையாகத் தெரியவில்லையா என்று மகளைக் கேட்டேன். செத்ததென்று சொன்ன ஆட்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றாள்.

நான் நடுநடுவே விளக்கம் சொல்வேன். அப்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டதற்கு, கசெட்டில் கேட்ட குரல் இப்படி இல்லை என்றாள். மனைவிதான் விளங்கப்படுத்தினாள். மிதித்துக் கால் ஓய்ந்தால் டேப் மெதுவாகச் சுற்றும், குரல் தடித்து இழுபடும், பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள் என்று. நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அவளுடைய அப்பா ஆறுதலாக, இழுத்து இழுத்துப் பேசுகிற மனுசன். நான் வேகமாகக் கதைக்கிற யாரோ ஒருவன்.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒரு பகுதிதான் மிஞ்சியிருந்தது, உண்மையில் முதலாவது பகுதி. அவளுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அதுதான். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மனைவி சாதாரணமாகச் சொன்னாள், இதைத்தான் பிள்ளை தேயத் தேயக் கேட்டது, கப்பல்காரர் வீட்டுக்குத் திரும்பி வந்து மகளைத் தூக்கிக் கட்டிப்பிடிக்கிற இடம் என்று.

அவர் திரும்பி வரவில்லை. அது அவர் புறப்படுகிற இடம். மகளைத் தூக்குகிற இடத்தோடு, அவர் புறப்படுகிறார் என்று சொல்வதற்கு முன்பே, கசெட் முடிந்துபோனது, மிச்சத்தை அடுத்ததின் தொடக்கத்தில் சொல்வோம் என்று விட்டிருந்தேன். அந்த அடுத்தது அவளுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் தலையும் வாலும் அவளுக்கு விளங்கியிருக்காது. நிஜமான கடைசிப் பகுதியில் கப்பல் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அவளுக்கு அது நடுவில் வந்த ஒரு கஷ்டகாலம். இத்தனை வருடமும் அவளுடைய கதையில் அப்பா வந்து சேர்ந்திருந்தார்.

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு டிஸ்க் பழுது என்று சொல்வதாக முடிவெடுத்தேன். திருட்டு டிஸ்க்தானே, யாரும் நம்புவார்கள். கப்பல்காரர் குனிந்து மகளைத் தூக்கினார். நான் நிறுத்தினேன்.

"விடுங்கோ, ஓடட்டும்" என்றாள் மகள்.

ஓடவிட்டேன். அவர் பிள்ளையை இறக்கிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கதவு மூடியது. பிள்ளை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெயர்கள் ஓடி முடியும்வரை மகள் அசையவில்லை.

"அப்ப அவர் வரவே இல்லையா?"

இல்லை என்றேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"அவர் வராட்டி என்ன, பிள்ளை தேடிப் போயிருக்கலாம்தானே" என்றாள். "நாங்கள்தானே வந்தனாங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருடக்கணக்காகத் தனியறையில் அழுது பழகியவன் நான். ஒருவர் பார்த்திருக்க அழுவது எப்படியென்று தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.