கவிஞர் இருந்த காம்பிரா

இலங்கை மலையகத்து வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மூக்காயிதான் வருடந்தோறும் மாரியம்மன் திருவிழாவுக்குப் புதுக் கும்மிப்பாட்டுக் கட்டுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம் மட்டும் ஒரு வரியும் வரவில்லை. திருவிழாவுக்கோ மூன்றே நாள். பெரிய கவிஞர் ஒருவர் இருந்த, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவைப் பார்த்தாலாவது வருமென்று நோர்வூட் தோட்டத்துக்குப் போனாள்.

இப்போது அங்கே குடியிருக்கும் வேலாயி, "அவரு அந்த மூலையிலதான் எழுதுவாராம். உக்காருங்கக்கா, வாளிய மட்டும் நகத்திராதீங்க, கூரை ஒழுகுது" என்றாள்.

மூக்காயி வெகுநேரம் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அவரு காலத்துலயும் ஒழுகுச்சாம்மா?"

"ஆமா. தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது."

"எங்க லயத்துலயும் அதே கததான். மாரியாத்தாகிட்டயே பாட்டுல கேட்டுப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை திருவிழாவில் மூக்காயி கட்டிய புதுப் பாட்டைப் பாடி, பெண்கள் அம்மனிடம் கூரைத் தகரம் கேட்டுக் கும்மியடித்தார்கள். தகரம் கேட்கும் வரியை விடச் சொன்னார் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. மூக்காயி அதையே இன்னொரு தரம் பாடினாள்.