குறுக்குக் கோடு போட்ட ஏழு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யார் காலையும் பிடித்து நம்பச் சொல்லப்போவதில்லை. என் பின்னங்கழுத்தைத் தொட்டுச் சொல்கிறேன், இது நடந்தது.

மியூசியத்தில் பொருட்களுக்கு எண் எழுதுவது என் வேலை. சிலையோ சட்டியோ, அடியில் வெள்ளை பெயிண்டில் பொடி எழுத்தில் ஓர் எண். அதை வைத்துத்தான் பொருள் யாருடையது என்று தெரியும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மியூசியம். யாருடைய பானை பழசு என்று இரண்டு டைரக்டர்களும் இருபது வருடமாகச் சண்டை. படித்த மேதாவிகள்! குழாயடிச் சண்டை தோற்றுவிடும்.

ஆட்சி கவிழ்ந்த வாரம். ஊரே தண்ணீருக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றது. எங்கள் டைரக்டர் லாரி பிடித்தார். 'பாதுகாப்புக்காக' எதிர் மியூசியத்திலிருந்து நாற்பது பொருட்களை அள்ளிக்கொண்டு வந்தார். அந்த டைரக்டர் முதல் நாளே ஓடிவிட்டார். பெரிய வீரர். எங்கள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சு மணிக்குப் புது மந்திரி வர்றார். அவங்க நம்பரை அழிச்சிட்டு நம்ம நம்பரைப் போடு."

"சார், அது திருட்டு இல்லையா?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். பல்லை இளித்துத் தலையாட்டினேன். நானும் ஒன்றும் உசத்தி இல்லை.

மதியம் 2.10. அடித்தளக் கிடங்கில் தனியாக உட்கார்ந்தேன். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பழைய எண் போய்விடும். எதிர் மியூசியத்தில் எண் எழுதும் கிழவரின் கையெழுத்து எனக்குத் தெரியும். ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

3.05. பன்னிரண்டு பொருட்கள் முடிந்தன. தற்செயலாக முதல் பானையைத் திருப்பினேன். அடியில் பழைய எண். குறுக்குக் கோடு போட்ட ஏழு.

துடைக்க மறந்திருப்பேன் என்று நினைத்துத் துடைத்தேன். பஞ்சில் வெள்ளை அப்பியது. பெயிண்ட் ஈரமாக இருந்தது...

3.20. பன்னிரண்டிலும் பழைய எண்.

கதவு உள்தாழ். நான்தான் போட்டேன்.

3.38. மேஜையில் என் பிரஷ் இல்லை.

டக்... டக்... டப்பா விளிம்பில் பிரஷ்ஷைத் தட்டும் சத்தம். எனக்குப் பின்னால்.

பின்னங்கழுத்தில் சில்லென்று பட்டது. மெதுவாக... கீழே இறங்கி... குறுக்கே ஒரு கோடு.

பிறகு யாரோ காய ஊதினார்கள்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. வாசலில் காவலாளி உற்றுப் பார்த்தார்.

"கழுத்துல என்ன சார், 4717-னு?"

தோல் உரியத் தேய்த்துத்தான் அழித்தேன்.

மந்திரி வரவே இல்லை. மறுவாரம் அவர் மந்திரியாகவும் இல்லை. அடுத்து வந்தவர்கள் நாற்பதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். டைரக்டர் வெட்கமில்லாமல் போட்டோவுக்குச் சிரித்தார். ஒப்படைக்கப் போனது நான்.

அங்கே புதுக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கிழவர் எங்கே என்று கேட்டேன்.

"உங்க லாரியை மறிச்சாராம். தள்ளிவிட்டதுல அன்னிக்குக் காலையிலயே செத்துப் போயிட்டார்."

பூட்டிய அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். நாற்பது பொருட்களுக்கு நேரேயும் கிழவரின் கையெழுத்து. 'திரும்பப் பெற வேண்டியது.' குமாஸ்தா ஒவ்வொன்றாக டிக் போட்டு வந்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

'4717. ஆண். நல்ல நிலை. மாலை 3.40. திரும்பப் பெற வேண்டியது.'

"இது ஒண்ணு மட்டும் இன்னும் வரலையே, சார்?"

நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.