முதல் இருநூற்றுப் பதினொரு பக்கங்கள்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள். அந்தத் தாளை, அச்சுக்குப் போகும் முன், எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதுதான் ஸ்கேல் அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே அச்சகம், ஒரே ஜன்னலோர மேஜை. கையை விட்டு இறங்காத இரும்பு ஸ்கேலால் வந்த பெயர் அது. அவளைவிடப் பத்து வயது மூத்த ஃபோர்மேனுக்கும் அவள் அக்காதான்.

அவள் பார்க்கும் விதமே தனி. தாளின் கடைசி வரிக்கு அடியில் ஸ்கேலை வைப்பாள். கடைசிச் சொல், அதற்கு முந்தின சொல், அதற்கும் முந்தினது என்று பின்னாலிருந்து முன்னால் வருவாள். நேராகப் படித்தால் அர்த்தம் குறுக்கே வந்து விழும். அர்த்தம் புரிந்த மனசு, விட்டுப்போன எழுத்தைத் தானே போட்டுக்கொண்டு தாண்டிப் போய்விடும். பின்னாலிருந்து வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து ஆஜர் சொல்லிவிட்டுப் போகும். முடிந்ததும் மூலையில் அவள் கையெழுத்து. முறைப்படி மருந்துத் தாளுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பார்த்தால் ஒன்றே போதும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். அந்த ஒற்றைக் கையெழுத்தில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த மேஜையில் காலண்டரும் பில் புத்தகமும் பார்க்கும் கண்ணாடிக்காரரிடம், அக்கா பார்த்த ஒரு தாளை நீட்டி, "நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று ஃபோர்மேன் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, மூன்று நாள் அக்காவின் முகத்தில் விழிக்க முடியாமல் திண்டாடினார்.

பள்ளிக்கூட நாளில் கதைப் புத்தகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று கிடந்தவள் அவள். கூப்பிட்டால் காது கேட்காது. அம்மா வந்து புத்தகத்தைப் பிடுங்கினால்தான் நிமிர்வாள். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடத்தில் அது சத்தமில்லாமல் போயிற்று. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கண் நேராகப் பக்கத்தின் அடிக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏற ஆரம்பிக்கும். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், ஒரு பிறந்தநாளுக்கு நாவல் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, "எப்படி இருந்துது?" என்று ஆசையாகக் கேட்டார். "முப்பத்தாறு தப்பு" என்றாள். அடுத்த பிறந்தநாளிலிருந்து அவர் பூச்செடி வாங்கிக் கொடுத்தார்.

வேலை மந்தமாக இருந்த ஒரு மாதத்தில் முதலாளி ஒரு நாவலை அச்சடித்துத் தர ஒப்புக்கொண்டார். முந்நூறு பக்கம். கண்ணாடிக்காரர் விடுப்பில் இருந்ததால் புரூஃப் கட்டு அக்காவின் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தாள். இரண்டு நாள் ஒரு வம்பும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரு தையல்காரி, பதினொரு வருடம் பிரிக்காமல் வைத்திருந்த கடிதத்தை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சொல் சொல்லாகப் பின்னால் நடந்தும், அந்த அடுப்பும் கடிதமும் எப்படியோ ஒன்று சேர்ந்துவிட்டன. யார் எழுதிய கடிதம்? பதினொரு வருடம் பத்திரமாக வைத்திருந்தவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது? அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். கட்டைப் புரட்டி முதல் பக்கத்தை எடுத்தாள். கடிதம் யாருடையது என்று மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு.

டிபன் பாக்ஸ் மூடியபடியே கிடந்தது. மெஷின் சத்தம் காதில் விழவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் கடிதம் எழுதியவனே தையல் கடைக்கு வந்து, சட்டையிலிருந்து அறுந்த பொத்தானை நீட்டுகிறான். தையல்காரி ஊசியில் நூல் கோக்கிறாள். அக்கா மூக்கை உறிஞ்சினாள். அடுப்பைத் தாண்டியும் நிற்காமல் கடைசி வரி வரைக்கும் போனாள். சாயங்காலம் ஃபோர்மேன் வந்து நின்றார்.

"முடிஞ்சுதாக்கா? அதுக்குள்ளயா?"

அக்கா தலையாட்டினாள். அவள் இன்னும் தையல் கடையில்தான் இருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கட்டை நீட்டினாள். அவளைச் சந்தேகப்படும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லாததால் அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு?"

அக்கா கதையைச் சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு கடைசிவரை கேட்டார். பிறகு, "அது சரி, எத்தனை தப்பு?" என்று கிண்டலாகக் கேட்டார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. முந்நூறிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரைக்கும்தான் அவள் பார்த்தது. அதற்கு முந்தின பக்கங்களைப் பார்க்கவே இல்லை. படித்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவள் போவதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாவலில் நாலு தப்பு இருந்தால் யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் தாளின் மூலையில் இருந்தது அவள் கையெழுத்து.

"அண்ணா, மெஷினை நிறுத்துங்க. நான் பாதிக்கு மேல பார்க்கலை."

"நேத்து முழுக்க தலை நிமிராம உட்கார்ந்திருந்தீங்களே?"

"கதை படிச்சிட்டு இருந்தேன்."

ஃபோர்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். விடுப்பு முடிந்து வந்த கண்ணாடிக்காரர் அந்த இருநூற்றுப் பதினொரு பக்கங்களையும் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தார். பதினான்கு தப்பு. அதில் பெரியது நூற்று நாற்பதாம் பக்கத்தில். பொத்தானை நீட்டும் பத்தி, அட்சரம் பிசகாமல் இரண்டு தடவை வந்திருந்தது.

"இதுகூடவாக்கா கண்ணுல படலை?"

"பட்டுதே. ரெண்டு தடவையும் நல்லாத்தான் இருந்துது."

அச்சகமே சிரித்தது. ஃபோர்மேனும் சிரித்துவிட்டு, "போகட்டும் விடுங்க, கதைப் புத்தகம்தானே. யார் உயிரும் போகலை" என்றார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்து வந்தது இதய நோய் மாத்திரைக்கான தாள். அக்கா கடைசி வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தாள். கண் மேலே போயிற்று. 'இந்த மருந்தை உட்கொள்ளும் முன் இதை முழுமையாகப் படிக்கவும்.' பத்தொன்பது வருடத்தில் அந்த வரியை ஒரு வாக்கியமாக அவள் பார்த்ததே இல்லை. ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று கீழே போட்டிருந்தது. யாரோ ஒருவர், அவசர அவசரமாக, இதைப் பிரித்துப் பார்ப்பார் என்று தோன்றியது. கண்ணைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மூன்று வரி ஏறுவதற்குள் அது மறுபடியும் தாவியது. அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று தடவை பார்த்தாள். தப்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே இல்லையா, அவள் கண்ணில் படவில்லையா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பிறகு கையெழுத்தைப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

"இதை நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க. பார்த்துட்டு என் கையெழுத்துக்குப் பக்கத்துல உங்களதையும் போடுங்க."

கண்ணாடிக்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "நானா?"

"நீங்கதான். இனிமே எல்லாத் தாளுக்கும்."

விஷயம் கேள்விப்பட்டு ஃபோர்மேன் ஓடி வந்தார். "ஒரு நாவல்ல கோட்டை விட்டதுக்கு இவ்வளவு ரோஷமாக்கா? நான் ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

"ரோஷம் எல்லாம் இல்லைண்ணா. என் கண்ணைத் தனியா நம்ப முடியலை. அது இப்ப கதை கேட்குது."

"அவ்வளவுதானே? கொஞ்ச நாள் கதைப் புத்தகம் பக்கமே போகாம இருங்க. கண்ணு பழையபடி ஆயிடும்."

"ஆயிடும்ண்ணா," என்றாள் அக்கா. "பழையபடி ஆயிடக் கூடாதுன்னுதான் ரெண்டாவது கையெழுத்து கேட்கறேன்."